உயிரோடிருந்தவளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

டோமினிக் மாமாவை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர், நல்லவர் என்று சொல்லியே அந்த மனுஷன் தலையில் ஊரே மிளகாய் அரைத்திருக்கிறது. அவர் ஒரே ஒரு தடவைதான் கெட்டவராக நடந்துகொண்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஒரு தடவைக்காக எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே தவிர குறையவில்லை.

அவர் என் அக்கா மெர்லினின் புருஷன். திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். கடை போட்டது தொண்ணூற்று மூன்றில். தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கிய வருஷம் அது. டாக்டர், வக்கீல், அரிசி மண்டிக்காரர் என்று எல்லாருக்கும் லெட்டர் பேடில் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பழைய அச்சு மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, அந்த அவசரத்தில் மாமா காலூன்றிக்கொண்டார். எல்லாரும் பெயரை மாற்றி முடித்ததும் கடை ஈயோட்டியது. ஆனால் ஊரில் சாவு நிற்கவில்லை. அப்படித்தான் அவர் அஞ்சலி போஸ்டர் பக்கம் வந்தார்.

அக்கா கல்யாணமாகி வந்ததும் கடையில் உட்கார்ந்துவிட்டாள். போஸ்டரில் பிழை பார்ப்பது அவள் வேலை. ஆனால் பிழை பார்ப்பதோடு அவள் நிற்க மாட்டாள். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் கீழே போடச் சொல்லி மகன்கள் பெயரை மட்டும் எழுதித் தருவார்கள். அக்கா அதைத் திருப்பி நீட்டுவாள்.

"பொண்ணுங்க பேரு எங்க?"

"பொம்பளப் புள்ளைங்க பேரெல்லாம் எதுக்கும்மா? எடம் அடைக்கும்."

"அடைக்கட்டும். எழுத்த சின்னதாக்கிக்கலாம். அங்க மார்ல அடிச்சிக்கினு அழறது அவுங்கதானே?"

சண்டை போட்டுத்தான் பல வீட்டுப் பெண்களின் பெயர் திண்டிவனத்துச் சுவரில் ஏறியது. அதோடு விடாமல் இன்னொன்றும் கேட்பாள். "உங்கப்பா எப்பிடிப்பட்டவரு? எதுக்கு சிரிப்பாரு?" வந்தவர்கள் முதலில் முறைப்பார்கள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து அழுதுகொண்டே சிரிப்பார்கள். அவர்கள் சொன்னதை மாமா ஒரே வரியாக்கிப் படத்துக்குக் கீழே போடுவார். 'பஸ்ஸில் ஜன்னல் சீட்டை யாருக்கும் விட்டுத்தராதவர்.' 'அடுத்த வீட்டுச் சண்டையை விலக்கப் போய் அடி வாங்கியவர்.' ஜனங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே அந்த வரிகளைப் படிப்பார்கள். நானும் படிப்பை முடித்துவிட்டு அதே கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பந்தி என்ற ஆப்பில் மாமாவைச் சேர்த்துவிட்டது நான்தான். போனில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் உள்ள இடம். மற்றதைப் போல ஓசி இல்லை, மாசா மாசம் சந்தா கட்ட வேண்டும். விளம்பரம் இருக்காது, கண்ட குப்பையும் இருக்காது, நல்ல எழுத்துக்கு நல்ல மரியாதை என்று சொன்னார்கள். படித்தது பிடித்திருந்தால் ஒரு இலை போடலாம். அதிக இலை விழுந்த பதிவுக்கு அந்த மாசம் தலைவாழைப் பரிசு. மாமா அங்கே செத்துப்போன சாதாரண மனுஷர்களைப் பற்றிச் சின்னச் சின்னதாக எழுதினார். சுவரில் ஒரு வரியில் அடக்கியதை அங்கே ஒரு பக்கத்துக்கு விரித்தார். கொஞ்சம் பேர் படித்தார்கள். படித்தவர்கள் நிஜமாகவே படித்தார்கள்.

பந்தியில் குப்பை இல்லை என்றவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்கள் எதை மறந்தாலும் மொய்யை மறக்க மாட்டார்கள். எனக்கு ஒருத்தன் செய்தால் அவனுக்கு நான் திருப்பிச் செய்யாவிட்டால் மானம் போய்விடும். இலையையும் அப்படியே ஆக்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவன் வந்து ஒரு இலை போட்டால், அவன் எழுதியது காலை வணக்கம் ரோஜாப்பூவாக இருந்தாலும் சரி, ஓடிப்போய் இலை போட்டுவிட்டு வர வேண்டும். 'அருமை தோழரே, நம்ம பக்கமும் வாங்க' என்று ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் வாலாட்டுவார்கள். படிப்பதே கிடையாது. சாவைப் பற்றி எழுதினாலும் 'சூப்பர்' என்று போடுவார்கள். மாமா மட்டும் படிக்காத எதற்கும் இலை போடமாட்டார். அதனால் அவருக்கும் யாரும் போடவில்லை.

இந்த மொய்யை வைத்தே பிழைத்தவன் ஒருத்தன் இருந்தான். அரங்கநாதன். விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போன் ரீசார்ஜ் கடை. சிம் கார்டு விற்கிறவனுக்கு நம்பருக்கா பஞ்சம்? மச்சினன் பேரில் ஒன்று, கடைக்கு வந்த கிழவி பேரில் ஒன்று என்று கணக்கில்லாமல் திருட்டுப் பேர்களில் பந்திக்குள் புகுந்து, தன் பதிவுக்குத் தானே இலை போட்டுக்கொண்டான். 'அன்பு உள்ளம் அரங்கு' என்று அவன் பக்கத்துக்குப் பேர். அன்பு உள்ளமாம்! அடுத்தவன் எழுதியதை எடுத்து ஊர்ப்பேரை மாற்றிப் போடுவதுதான் அவன் எழுத்து.

டெங்கு வந்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. ஆயிரம் சாவுக்குப் போஸ்டர் அடித்த மனுஷன் அக்காவுக்கு ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் படத்தையும் பெயரையும் மட்டும் போட்டு அடித்தோம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சை அறுக்கும்.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனோம். திரும்பி வந்ததும் மாமா கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். பந்தியில் அந்த மாசம் 'மறக்க முடியாத முகம்' என்று போட்டி வைத்திருந்தார்கள். போட்டிக்காக அவர் எழுதவில்லை. எழுதியதைப் போட்டியில் போட்டது நான். அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வருகிற இடம் எனக்கு மனப்பாடம்.

'மல்லாட்டை வறுத்தால் பருத்த பருப்பையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு, சூம்பிப்போனதைப் பொறுக்கித் தின்பாள். ஏன் என்று கேட்டால், சூம்பினதுதான் இனிக்கும், உனக்குத் தெரியாது என்பாள். அவள் போன பிறகு ஒருநாள் நானும் சூம்பினதாகப் பார்த்து எடுத்து மென்றேன். கசந்தது. வாழ்ந்த காலமெல்லாம் மெர்லின் என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.'

படித்துவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்காவுக்கு அன்றைக்கு எழுத முடியாமல் போன வரி இதுதான். இது அவள் பெயரோடு நிற்க வேண்டும். மாமாவுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் அது காணாமல் போனது. 'உங்கள் பதிவு வேறொருவரின் பதிவைப் பார்த்து நகல் எடுக்கப்பட்டது என்று பல உறுப்பினர்கள் புகார் செய்துள்ளதால் நீக்கப்படுகிறது' என்று பந்தியிலிருந்து ஒரு செய்தி வந்தது. மாமாவின் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். யாருடைய பதிவாம் என்று என் போனில் தேடினேன். அன்பு உள்ளம் அரங்கு!

அதே மல்லாட்டை, அதே கசப்பு. மெர்லின் என்ற பேரை மட்டும் எடுத்துவிட்டு வெண்ணிலா என்று போட்டிருந்தான். திண்டிவனம் இருந்த இடத்தில் விழுப்புரம். 'என் வெண்ணிலா என்னை விட்டுப் போய்விட்டாள்' என்று மேலே ஒரு ஒப்பாரி. ஒரு பெண்ணின் படம், பக்கத்தில் மெழுகுவத்தி. அக்கா செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்குப் போவாள் என்று மாமா எழுதியிருந்தார். அதை மாற்றக்கூட அந்த நாய்க்குத் தோன்றவில்லை. நெற்றி நிறைய குங்குமம் வைத்த வெண்ணிலா வாரா வாரம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாளாம். ஒருத்தர்கூட இதென்ன என்று கேட்கவில்லை. இலை மட்டும் கொட்டிக் கிடந்தது. தலைவாழைப் பரிசும் அவனுக்கே போனது. அவனுடைய திருட்டுப் பேர்களெல்லாம் சேர்ந்துதான் மாமாவின் பதிவை நகல் என்று புகார் செய்திருக்கின்றன.

புகார் எழுதினோம். 'தரமான எழுத்தை ஊக்குவிப்பதே எங்கள் நோக்கம்' என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. அதை எழுதியது மனுஷனா மெஷினா என்றுகூடத் தெரியவில்லை.

"நேர்ல போய்க் கேட்டுடலாம் ஜெசி" என்றார் மாமா. "பாவம், அவனுக்கும் பொண்டாட்டி போயிட்டாளோ என்னமோ. துக்கத்துல எடுத்துப் போட்டிருப்பான்."

பாருங்கள், அப்போதும் அந்த மனுஷனுக்குப் பாவம்தான்!

விழுப்புரத்தில் இறங்கிக் கடையைக் கேட்டுக் கேட்டு அவன் வீட்டைக் கண்டுபிடித்தோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. கதவைத் தட்டினேன். திறந்தவளைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். படத்தில் இருந்தவள். அதே மூக்குத்தி.

"யாருங்க? அவரு கடைல கிராக்கி பாத்துக்கினு இருக்காரு. ஏன் வெயில்ல நின்னுக்கினு? உள்ள வாங்க."

செத்தவள் எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தபடியே வாங்கிக் குடித்தார். நான்தான் எதையாவது பேச வேண்டுமே என்று, "எந்த ஊருங்க நீங்க?" என்றேன்.

"மேல்மலையனூர் பக்கம். அமாவாசைக்குப் போவோணும், எங்கண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லலாம்னா போன் இல்ல. என் போன அவரு கடையில வாங்கி வெச்சிக்கினு இருக்காரு. ஏதோ இலை போடோணுமாம். அதுல இன்னா கெடைக்குதோ, சோத்தக்கூட மறந்துட்டு அதுலயே கெடக்கறாரு."

அதற்குள் அரங்கநாதன் வந்துவிட்டான். மாமா யார் என்று சொன்னதும் முகம் மாறியது. எங்களைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"சார், கோவப்படாதீங்க. பந்தின்னா இன்னான்னே உங்களுக்குத் தெரியல. நல்லா எழுதினா எவன் சார் படிக்கறான்? இலை போட்டாதான் இலை வரும். உங்க சரக்கு ஒசத்தி சரக்குதான், இல்லன்னு சொல்லல. ஆனா உங்க கடையில கெடந்தா ஈ மொய்க்கும். நான் எடுத்தாந்து சந்தையில வெச்சேன். ஊரே அழுவுது இல்ல?"

"அது எங்கக்கா" என்றேன். "எங்கக்கா பேர எடுத்துட்டு ஒம்பொண்டாட்டி பேரப் போட்டிருக்கியே, நீ மனுஷனா?"

"பேர்ல இன்னாம்மா இருக்குது? செத்தவங்க எழுந்து வந்து கேக்கப் போறாங்களா?"

"உங்க ஊட்டுக்காரம்மா உயிரோட இருக்காங்களே சார்" என்றார் மாமா. குரல் எழும்பவே இல்லை. "அவுங்களுக்குத் தெரிஞ்சா?"

"அவளுக்கு சோத்துப் பந்திதான் சார் தெரியும். மாசா மாசம் பணம் கட்டினவந்தானே உள்ள வந்து பாக்க முடியும்? எங்க சொந்தத்துல எவன் கட்டுவான்? ஒரு பேஜாரும் இல்ல."

மாமா கடைசியாக ஒன்று கேட்டார். "பிரைஸ நீயே வெச்சிக்கோப்பா. மெர்லின்னு பேர மட்டும் திருப்பிப் போட்டுடு. ஒனக்கு புண்ணியமா போவும்."

அவன் சிரித்தான். "பேர மாத்தினா பிரைஸத் திருப்பிக் கேப்பான் சார். போய் வேற யாரையாவது பத்தி எழுதுங்க. உங்களுக்கா சாவுக்குப் பஞ்சம்? ஜல்தி கெளம்புங்க, கடையில ஆள் நிக்குது."

அந்தச் சிரிப்பில்தான் மாமா மாறினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திண்டிவனம் பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டி, மயிலத்துக்குத் திரும்புகிற இடம் வந்ததும் வாயைத் திறந்தார்.

"அவன் செவுத்த காசு குடுத்தவந்தான் பாக்க முடியும்னு சொன்னான் இல்ல ஜெசி?"

"ஆமா மாமா."

"நம்ம செவுரு ஓசி."

அன்றைக்கே போஸ்டரைத் தயார் செய்தேன். மாமா ஒரு எழுத்தைக்கூடத் தன் கையால் சேர்க்கவில்லை. அவன் போட்டிருந்த படம், அவன் ஏற்றிய மெழுகுவத்தி, அவன் எழுதிய 'என் வெண்ணிலா என்னை விட்டுப் போய்விட்டாள்.' கீழே அவன் பெயர், கடை விலாசம். மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. அந்தப் பெண் பாவம் இல்லையா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் மெர்லினைத் தோலுரித்துச் சந்தையில் தொங்கவிட்டிருந்தான். எங்கள் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

எங்களுக்கு வழக்கமாகப் போஸ்டர் ஒட்டுகிற மண்ணாங்கட்டி என்கிற ஆள் கார்த்திகை அமாவாசை விடியற்காலையில் பசை வாளியோடு கிளம்பினான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு, அரங்கநாதனின் தெரு, பிறகு நேரே மேல்மலையனூர். அமாவாசை அன்று அங்காளம்மனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். பஸ் நிற்கிற இடத்தில் சுவர் பாக்கி இல்லாமல் ஒட்டினான். மாமாவும் நானும் விழுப்புரத்தில் அவன் கடைக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

முதலில் அவனுடைய தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கடை ஷட்டர் அப்போதுதான் பாதி தூக்கியிருந்தது. "என்னாச்சு அரங்கு? நேத்துகூட கொழாயடில பாத்தேனே!" என்றார் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அரங்கநாதன் சுவரைப் பார்த்தான். பாய்ந்துபோய்ப் போஸ்டரைக் கிழித்தான். கிழிக்கக் கிழிக்க, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நாலு பேர் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வெண்ணிலா காலையிலேயே துணி துவைக்கப் போயிருந்ததால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவன் கத்தியதை யாரும் நம்பவில்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் கண் இமைக்கவில்லை.

மதியம் ஆவதற்குள் மேல்மலையனூரிலிருந்து ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பின்னால் நிறைய பெண்கள். தெருமுனையிலேயே மாரடித்துக்கொண்டு இறங்கினார்கள். "எங்க ராசாத்தி! எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே!" முன்னால் இறங்கியவன் வெண்ணிலாவின் அண்ணன் பூவரசன். பயிர் வைக்கிற ஆள், ஓங்குதாங்கான உடம்பு. அவன் கையில் மூங்கில் தட்டு. அதில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையும் மாலையும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள்.

தட்டைத் தன் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு அரங்கநாதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான் பூவரசன். "எங்கடா என் தங்கச்சி? காலைலேர்ந்து போன் அடிக்கிறேன், ஒருத்தரும் எடுக்கல. அடிச்சிக் கொன்னுட்டியாடா? எங்களுக்குத் தெரியாம எடுத்துட்டியா?"

"மச்சான், மச்சான், அவ துணி தொவைக்கத்தான்..."

சத்தத்தைக் கேட்டு, துவைத்த துணியைத் தோளில் போட்டபடி வெண்ணிலா ஓடி வந்தாள். "யாரு வூட்ல சாவு?" என்றாள்.

"அங்காளம்மா!" என்று அலறிக்கொண்டு பாதிப் பெண்கள் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். பெரியம்மா மட்டும் கிட்டே போய் அவள் கையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழுதாள். பூவரசன் மடியிலிருந்த போஸ்டரை எடுத்து விரித்துக் காட்டினான். தன் முகத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி எரிவதை வெண்ணிலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத யாரு எழுதினது?"

கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி பந்தியில் சந்தா கட்டியவள். "அக்கா, இது இவரே போன மாசம் எழுதினதுதான். பிரைஸ்கூட வந்துச்சே. நெசம்னு நெனச்சி நானும் இலை போட்டேன்" என்று போனைக் காட்டினாள்.

"படி" என்றாள் வெண்ணிலா. அந்தப் பெண்ணிடம் இல்லை, புருஷனிடம். "நீ எழுதினத நீயே படி. எல்லாரும் கேக்கட்டும்."

பூவரசனின் பிடி கழுத்தில் இருந்தது. அரங்கநாதன் படித்தான். மாமாவின் எழுத்து நடுத்தெருவில் அந்தத் திருடன் வாயிலிருந்து வந்தது. மல்லாட்டை வந்ததும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சூம்பிய பருப்பு கசந்தது என்றதும் பூவரசனே தலையைத் திருப்பிக்கொண்டான். வெண்ணிலா மட்டும் அழவில்லை.

"மல்லாட்டையா? எனக்கு மல்லாட்டயே ஆவாதே. தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சிப் போவுமே. இத்தினி வருஷம் என்கூட குடும்பம் பண்ணிக்கினு, அதுகூட ஒனக்குத் தெரியாதா?" என்றாள். "இது யாரு? யாரு பொண்டாட்டி இது?"

மாமா டீக்கடையிலிருந்து எழுந்து ரோட்டைக் கடந்தார். "என் பொண்டாட்டிம்மா. பேரு மெர்லின். போன மழையில போயிட்டா."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நாங்கள் வந்தோம். நடுத்தெருவில், அத்தனை பேர் காதிலும் மெர்லின் என்று விழுந்தது. எனக்கு நெஞ்சு ஆறியது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே ஆறியது.

"வா தாயி, ஊட்டுக்குப் போலாம்" என்று பூவரசன் தங்கச்சியின் கையைப் பிடித்தான். கோடித் தட்டை வண்டியில் ஏற்றப் போனான்.

"ஏத்தாதடா!" என்று பெரியம்மா கத்தினாள். "சாவுக்கு எடுத்தாந்த கோடிய திருப்பி எடுத்துக்கினு போவக்கூடாது. அடுத்த சாவு நம்மூட்ல உழும். யாருக்காவது போட்டுட்டுதான் போவோணும்."

வெண்ணிலா தட்டிலிருந்து சேலையை எடுத்து உதறினாள். அரங்கநாதனின் தலைமேல் போட்டு, முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டாள். அதன்மேல் மாலையையும் போட்டாள்.

"நான் போயிட்டேன்னு ஊருக்கெல்லாம் சொன்ன இல்ல? போறேன். எம்பொறந்தூட்டுக் கோடி ஒனக்குதான். நல்லா கட்டிக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. கோடி போட்டதும் பிணத்தைக் கும்பிடுகிற வழக்கம் மாறாமல் பெரியம்மா அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். சேலைக்குள்ளிருந்து அவன் "வெண்ணிலா, வெண்ணிலா" என்று அழுதான். இந்தத் தடவை நிஜமாகவே அழுதான்.

வெண்ணிலா வண்டிக்குப் போகிற வழியில் மாமா முன்னால் நின்றாள். "அன்னிக்கு எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சியே. என்னத்துக்கு வந்தன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? ஒம்பொண்டாட்டி பேர அவன் அழிச்சான். அதுக்கு நீ எஞ்சாவ அடிச்சி ஊரெல்லாம் ஒட்டுவியா? எம்மூஞ்சி ஒரு செவுத்துலயும் இருக்கக்கூடாது. ஒங்கையாலதான் சொரண்டோணும்."

மாமா தலையாட்டினார். சொன்னபடியே செய்தார். தண்ணீர் வாளியும் கரண்டியுமாக மேல்மலையனூர் வரைக்கும் போய், ஜனம் பார்க்கப் பார்க்கச் சுரண்டினார். நகக்கண்ணெல்லாம் ரத்தம். மண்ணாங்கட்டி கெஞ்சியும் அவனைத் தொட விடவில்லை. நான் ஒன்றைக்கூடச் சுரண்டவில்லை. அவள் கேட்டது நியாயம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை போகவில்லை.

பூவரசன் அதோடு விடவில்லை. மறுநாளே திரும்பி வந்து, கடையில் உட்கார்ந்து, அரங்கநாதன் திருடியதை அவன் கையாலேயே பந்தியில் எழுத வைத்தான். 'என் மனைவி உயிரோடு இருக்கிறாள், இது திண்டிவனம் டோமினிக் அவருடைய மனைவி மெர்லினைப் பற்றி எழுதியது, நான் திருடன்' என்று எழுதினான். அதற்கும் இலை கொட்டியது. 'அருமை தோழரே, நம்ம பக்கமும் வாங்க' என்று வரிசையாக வாலாட்டினார்கள். படித்தால்தானே! இரண்டு நாள் கழித்துப் பந்திக்காரர்களுக்கு விஷயம் போய், அவன் பக்கத்தை மூடிவிட்டார்கள். பிரச்சினைக்குரிய பதிவு என்று மெர்லினையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். மாமாவின் பூட்டு கடைசி வரைக்கும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் மாமா சந்தா கட்டவில்லை. மெர்லினைப் பற்றி எழுதியதை முழுசாகப் பெரிய தாளில் அடித்தார். மேலே அக்காவின் படம், பெயர். சுரண்டிய ஒவ்வொரு இடத்திலும் அதை ஒட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் முழுசாகப் படித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்கள். வெண்ணிலா அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அரங்கநாதன் ஆள் மேல் ஆள் அனுப்பியும் திரும்பவில்லை.

ஒட்டி மீந்த கட்டு கடையில் இருந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு விழுப்புரத்துக்கு முதல் பஸ் ஏறுவேன். அரங்கநாதன் கடை திறப்பதற்கு முன்னால் அவன் ஷட்டரில் ஒட்டிவிட்டு வருவேன். கட்டு தீர்ந்ததும் மாமா எதுவும் கேட்காமல் இன்னொரு கட்டு அடித்து என் மேஜைமேல் வைத்தார்.

போன அமாவாசைக்கு அவன் எனக்காகக் காத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. நான் பசை தடவ ஆரம்பித்ததும் கிட்டே வந்தான். தடுக்கவில்லை.

"கடைக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கறான்மா. அவளும் வரமாட்டேங்கறா. இன்னும் எத்தினி நாளிக்கி ஒட்டுவ?"

தாளை நான்கு மூலையும் அழுத்தி நீவிவிட்டுத் திரும்பினேன்.

"செத்தவங்க எழுந்து வந்து கேக்கப் போறாங்களான்னு கேட்ட இல்ல? எங்கக்கா எழுந்து வந்து போதும்னு சொல்லட்டும். நிறுத்திடறேன்."